கோஹாவும் காலேஜ் ஈஆர்பியும்: எந்த நம்பரை நம்பி இணைக்கிறது?

கெங்கேரி_கேட்டலாகர்
திங்கள், காலை 10:40

வணக்கம் மக்களே, பெங்களூர்ல மைசூர் ரோடு பக்கம் ஒரு பிரைவேட் யுனிவர்சிட்டி லைப்ரரில சிஸ்டம்ஸ் பாத்துக்கிறேன், பேரு வேணாம். லைப்ரரி சாஃப்ட்வேரா கோஹா ஓடுது, ரொம்ப வருஷமா பெருசா தொந்தரவு இல்ல. இப்ப மேனேஜ்மெண்ட் புதுசா ஒரு ஈஆர்பி (காலேஜ் நிர்வாகம் மொத்தத்துக்கும் ஒரே சாஃப்ட்வேர்) வாங்கிட்டாங்க, அட்மிஷன், ஃபீஸ், அட்டெண்டன்ஸ், ஹாஸ்டல், எக்ஸாம் எல்லாம் அதுக்குள்ள, கூடவே லைப்ரரி மாட்யூலும் இலவசமா வருதாம். மேலருந்து ரெண்டு கேள்வி வந்திருக்கு. ஒண்ணு, இலவசமா ஒண்ணு இருக்கும்போது கோஹா எதுக்கு? ரெண்டு, சரி கோஹாவே இருக்கட்டும், ஆனா புது பேட்ச் வர்றதுக்குள்ள ஈஆர்பியோட "இன்டக்ரேட்" பண்ணிடுங்க.

இன்டக்ரேட்னா என்னன்னு கேட்டா ஆளுக்கொரு பதில். ஐடி டீம் சிங்கிள் சைன் ஆன் (எல்லாத்துக்கும் ஒரே லாகின்)ங்குறாங்க, அக்கவுண்ட்ஸ்ல ஃபைன் காசு எங்க கணக்குல விழணும்ங்குறாங்க, எக்ஸாம் செக்ஷன் நோ டியூஸ் (பாக்கி எதுவும் இல்லங்கிற சான்று) தானா வரணும்ங்குறாங்க, ஒரு எச்ஓடி எந்தப் பையன் என்ன புக் எடுத்தான்னு டேஷ்போர்டு கேக்குறார். இதெல்லாம் செஞ்சு பாத்தவங்க யாராவது இருக்கீங்களா? எதுல ஆரம்பிக்கலாம்?


அல்சூர்_அக்கா
திங்கள், காலை 11:25

முதல் கேள்விக்கு இப்பவே பதில் சொல்லிடறேன் தம்பி, ஏன்னா இதே கேள்விய நானும் ஃபேஸ் பண்ணியிருக்கேன். வாதாடவே வாதாடாதீங்க. டெமோவுக்கு வர்றவங்க கையில மார்க் 21 (புக் விவரத்தை லைப்ரரிக்காரங்க எழுதுற பொது வடிவம்) ஃபைல் ஒண்ணு குடுங்க, ஒரு நூறு ரெக்கார்டு போதும், அதை உள்ள ஏத்திட்டு அப்படியே திருப்பி வெளிய எடுத்துக் காட்டச் சொல்லுங்க. நான் பாத்த மாட்யூல்ல எல்லாம் புக்குன்னா டைட்டில், ஆத்தர், விலை, அக்சஷன் நம்பர், ரேக் நம்பர், முடிஞ்சுது கதை. ரெண்டாவது ஆத்தர் இருந்தா கமா போட்டு அதே கட்டத்துக்குள்ள. ஜர்னலுக்கு எந்த இஷ்யூ வந்துச்சு எது வரலன்னு பாக்க வழி கிடையாது, இசட்39.50 வழியா வேற லைப்ரரில இருந்து ரெக்கார்டு இழுக்க முடியாது, செல்ஃப் செக் மெஷின் பேசுற சிப்2 கேட்டா முழிப்பாங்க. அது ஸ்டாக் ரெஜிஸ்டர்ப்பா, கேட்டலாக் கிடையாது.

கோஹா 1999ல நியூசிலாந்துல ஹோரோவெனுவான்ற இடத்து பப்ளிக் லைப்ரரிக்காக எழுதினது, ஒய்2கே (2000ம் வருஷ தேதிப் பிரச்சனை) வந்தா பழைய சிஸ்டம் படுத்துடும்னு பயந்து எழுத ஆரம்பிச்சு 2000 ஜனவரில ஓட்டிட்டாங்க. அன்னிலேருந்து லைப்ரரிக்காரங்க திட்டித் திட்டியே செதுக்கின சாஃப்ட்வேர் அது. லைப்ரரி சயின்ஸ் மேதை, சீர்காழிக்காரர் ரங்கநாதன் 1962ல டிஆர்டிசி (டாக்குமெண்டேஷன் ரிசர்ச் அண்ட் ட்ரெய்னிங் சென்டர்) ஆரம்பிச்ச இந்த பெங்களூர்ல உக்காந்துட்டு கேட்டலாக்கை ஒரு எக்ஸெல் ஷீட்டா மாத்தினா நல்லா இருக்காது.

ரெண்டாவது கேள்விக்கு சாமி வரட்டும், அவர் ஏரியா.


சர்வர்ரூம்_சாமி
திங்கள், மதியம் 1:10

கூப்பிட்டீங்க, வந்துட்டேன். சாப்பாட்டு டைம்ல டைப் பண்றேன், கோவையா இருக்காது.

முதல்ல லாகின் வேற, ஆள் வேற, பாக்கி வேற. உங்க ஊர்ல நாலு பேரு கேட்டிருக்கிறது நாலு தனி வேலை, ஒரே பேரு வச்சிருக்காங்க. சிங்கிள் சைன் ஆன்னா வந்து நிக்கிறது யாருன்னு சொல்றது மட்டும்தான், பாஸ்வேர்டை கேம்பஸ் சர்வர் பாத்துக்கும், ஷிபொலத்தோ எல்டாப்போ எதுவா இருந்தாலும். அவன் இன்னும் படிக்கிறானா, எந்த டிபார்ட்மெண்ட், எத்தனை புக் எடுக்கலாம், கார்டு எப்ப எக்ஸ்பைரி, இதெல்லாம் பேட்ரன் (லைப்ரரி மெம்பர்) ரெக்கார்டு, அது வேற வழியா வரணும்.

இதுல எல்லாரும் விழுற குழி ஒண்ணு இருக்கு, கோஹா கான்ஃபிக்ல எல்டாப் (கேம்பஸ் டைரக்டரில லாகின் சரிபாக்குற முறை) போடும்போது ரெப்ளிகேட், அப்டேட்னு ரெண்டு செட்டிங் வரும், அதை ஆன் பண்ணிட்டா ஆட்டோமேட்டிக்கா எல்லா ஸ்டூடண்டும் வந்துடுவாங்கன்னு நினைச்சுக்கிறாங்க, வரமாட்டாங்க, ஒருத்தன் லாகின் பண்ற அந்த நிமிஷம்தான் அவனோட ரெக்கார்டு உருவாகும் இல்ல புதுப்பிக்கும், ஓபேக் (ஆன்லைன் கேட்டலாக்) பக்கமே வராம நேரா கவுண்டர்ல வந்து கார்டை நீட்டுற பையன் சிஸ்டத்துல இருக்கவே மாட்டான், ஃபர்ஸ்ட் இயர்ல பாதி பேர் அப்படித்தான். அதே மாதிரி படிச்சு முடிச்சுப் போனவன் மறுபடி லாகின் பண்ணப் போறதில்ல, அதனால அவன் ரெக்கார்டு கடைசியா எப்படி இருந்துச்சோ அப்படியே நிக்கும்.

ஆக லாகினுக்கு எஸ்எஸ்ஓ (அதான் சிங்கிள் சைன் ஆன்), ஆளுக்கு ராத்திரி ஒரு ஃபைல். ஈஆர்பிலேருந்து சிஎஸ்வி (கமா போட்டுப் பிரிச்ச டெக்ஸ்ட் ஃபைல்), எஸ்எஃப்டிபில (பாதுகாப்பா ஃபைல் அனுப்புற வழி) ஒரு ஃபோல்டர், கோஹா சர்வர்ல ஒரு க்ரான் ஜாப் (குறிச்ச நேரத்துல தானா ஓடுற வேலை). இதுக்கு மேல ஃபேன்ஸியா எதுவும் வேணாம்.


ஈஆர்பி_அண்ணாச்சி
திங்கள், மாலை 6:50

நான் எதிர் முகாம் ஆளு, ஈஆர்பி இம்ப்ளிமெண்டேஷன்ல இருக்கேன், திருநெல்வேலி, இப்ப எலக்ட்ரானிக் சிட்டி. (உங்க வெண்டர் நாங்க இல்ல, பயப்படாதீய.)

சாமி சொன்னதை எங்க பக்கத்துலேருந்து சொல்றேன். எங்ககிட்ட "ஏபிஐ வேணும்"னு (ஒரு சாஃப்ட்வேர் இன்னொண்ணுகிட்ட நேரா கேக்குற வழி) ஒரு மெயில் போட்டா அது சேஞ்ச் ரிக்வெஸ்ட் ஆயிரும், எஸ்டிமேட் வரும், அப்ரூவலுக்கு போகும், அதுக்குள்ள ரெண்டு செமஸ்டர் ஓடிரும். அதுவே "தினம் ராத்திரி இந்த காலம் (டேபிள்ல இருக்கிற பத்தி) எல்லாம் இருக்கிற ஒரு ரிப்போர்ட்டை இந்த ஃபோல்டர்ல போடுங்க"ன்னா எங்க பையன் ஒரு மத்தியானத்துல முடிச்சிருவான், ஏன்னா ரிப்போர்ட் ஷெட்யூலர் ஏற்கனவே உள்ள இருக்கு. கேக்குற விதத்துல இருக்கு விஷயம்.

ஆனா ஒரு விஷயம் எழுதி வாங்கிக்கோங்க. ஃபைல்ல எல்லா ஸ்டூடண்டும் தினம் வரணுமா, மாறினவங்க மட்டும் வரணுமா? மாறினவங்க மட்டும் போதும்னா ஒரு நாள் ஃபைல் விட்டுப்போச்சுன்னா அந்த ஆளுங்க கணக்கு போச்சு, யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க. சின்ன கேம்பஸ்தானே, முழு லிஸ்ட்டே வாங்குங்க. முழு லிஸ்ட் வாங்குனா இன்னொரு லாபம், நேத்து இருந்து இன்னிக்கு காணாமப்போனது யாருன்னு நீங்களே தெரிஞ்சுக்கலாம். அதுலயும் ஒரு காவல் வைங்க, நேத்து ஃபைல்ல இருந்ததை விட இன்னிக்கு நூத்துக்கு அஞ்சுக்கு மேல ஆள் குறைஞ்சிருந்தா இம்போர்ட் ஓடவே கூடாது, மெயில் வரணும். எங்க சர்வர் பாதியில நின்னு அரை ஃபைல் வந்து, காலைல அரை காலேஜுக்கு கார்டு எக்ஸ்பைர் ஆன கதையெல்லாம் இருக்கு.


கெங்கேரி_கேட்டலாகர்
செவ்வாய், காலை 9:35

ரொம்ப நன்றி எல்லாருக்கும். ராத்திரி ஃபைல்னா எனக்கும் நிம்மதி. ஆனா அங்கதான் என் தலைவலியே. எந்த நம்பரை வச்சு மேட்ச் பண்றது?

நீங்க இருக்கிற இடத்துல எப்படியோ, எங்க இன்ஜினியரிங் பசங்களுக்கு க்ளாஸ் ஆரம்பிச்சு ரொம்ப நாள் கழிச்சுதான் யூஎஸ்என் (யுனிவர்சிட்டி சீட் நம்பர்) வருது. அதுவரைக்கும் அட்மிஷன் நம்பர். அந்த நம்பர்ல புக் எடுத்துட்டான், அப்புறம் யூஎஸ்என் வந்ததும் ஈஆர்பில நம்பர் மாறுது, ஃபைல்ல புது நம்பர் வருது, கோஹா இது புது ஆளுன்னு இன்னொரு ரெக்கார்டு போட்டுடுது. பழைய ரெக்கார்டுல புக் நிக்குது, புது ரெக்கார்டு சுத்தமா இருக்கு. யூஎஸ்என்லயே ப்ராஞ்ச் எழுத்து இருக்கிறதால ப்ராஞ்ச் மாறினா என்ன ஆகும்னு வேற கவலை. கார்டு நம்பரை வச்சு மேட்ச் பண்ணலாம்னா கார்டு தொலைச்சா புது நம்பர். மொபைல், ஈமெயில் எல்லாம் சொல்லவே வேணாம், அப்பா நம்பரைத்தான் அண்ணனும் தங்கச்சியும் குடுத்திருக்காங்க.


சர்வர்ரூம்_சாமி
செவ்வாய், காலை 11:05

அண்ணாச்சிகிட்ட கேளுங்க, அவங்க டேபிள்ல ஒரு உள் நம்பர் இருக்கும், ஸ்டூடண்ட் ஐடின்னோ பர்சன் ஐடின்னோ, ஸ்க்ரீன்ல எங்கயும் தெரியாது, அட்மிஷன் நம்பர் மாறினாலும் யூஎஸ்என் வந்தாலும் ப்ராஞ்ச் மாறினாலும் அது மாறாது. அதை ஃபைல்ல முதல் காலமா போடச் சொல்லுங்க. கோஹாவுல பேட்ரன் ஆட்ரிப்யூட்னு ஒண்ணு புதுசா உருவாக்கி, யுனிக் ஐடெண்டிஃபையர்னு டிக் பண்ணிடுங்க, அப்புறம் இம்போர்ட் பண்ணும்போது கார்டு நம்பருக்கு பதிலா அதையே மேட்சிங் ஃபீல்டா எடுத்துக்கலாம். யூஎஸ்என் யூசர்ஐடில போகட்டும், கார்டு நம்பர் கார்டு நம்பரா இருக்கட்டும், ரெண்டும் எத்தனை தடவை வேணா மாறட்டும். கவுண்டர் ஆளுக்கு அந்த உள் நம்பர் தெரியவே வேணாம்.


ஈஆர்பி_அண்ணாச்சி
செவ்வாய், மதியம் 12:15

இருக்கு, குடுப்பாங்க. ஆனா ஒரே ஆளு பிடெக் முடிச்சு அதே காலேஜ்ல எம்டெக் சேர்ந்தா சில ஈஆர்பில புது ஐடி போடுவாங்க, சிலதுல பழசே தொடரும். வேலைக்கு சேந்துட்டா எச்ஆர் மாட்யூல்ல எம்ப்ளாயி ஐடி தனி. ஸ்காலரா இருந்துக்கிட்டே டீச்சிங் அசிஸ்டெண்டா சம்பளம் வாங்குறவருக்கு ரெண்டு ஐடியும் உயிரோட இருக்கும். இதை இப்பவே கேட்டு வச்சிருங்க.


ஆர்எஃப்ஐடி_ராவணன்
செவ்வாய், இரவு 9:30

லேட்டா வர்றேன், கார்டு நம்பர்னதும் கை துறுதுறுங்குது.

ஐடி கார்டு சிப்புல ஒரு யூஐடி (அந்த சிப்போட தனி நம்பர்) இருக்கு, கேட் ஆளும் அதைத்தான் படிக்கிறான், லைப்ரரி கவுண்டர்லயும் அதைத்தான் படிக்கணும், அப்ப ரெண்டும் ஒரே நம்பராத்தான் இருக்கும்னு நினைப்பீங்க. ஒரு கார்டை எடுத்துக்குவோம். சிப்புல இருக்கிறது 04, 52, 3ஈ, 12ன்னு நாலு பைட். கவுண்டர் ரீடர் ஹெக்ஸ்ல (0-9 கூட ஏ-எஃப் எழுத்தும் வர்ற எண்முறை) அப்படியே 04523ஈ12ன்னு டைப் பண்ணும். கேட் கண்ட்ரோலர் அதையே டெசிமல் ஆக்கி 0072498706னு வச்சிருக்கும். எஸ்பி ரோட்ல வாங்கிட்டு வந்த இன்னொரு யூஎஸ்பி ரீடர் பைட்டையெல்லாம் பின்னாலேருந்து படிச்சு 0306074116னு காட்டும். மூணும் ஒரே கார்டுதான். மூணு சிஸ்டத்துல மூணு ஆளா நிப்பான். அதனால ஈஆர்பில என்ன வடிவத்துல யூஐடி இருக்குன்னு பாத்து, எல்லா ரீடரையும் அந்த வடிவத்துக்கு செட் பண்ணிட்டுத்தான் மத்த வேலை. நல்ல ரீடர்னா கான்ஃபிக் டூல் குடுப்பான்.

இதுக்கு மேல ஒரு கொடுமை இருக்கு. இந்த 04523ஈ12 இருக்குல்ல, இதை எக்ஸெல்ல திறந்தா நடுவுல இருக்கிற ஈயைப் பாத்துட்டு ஓஹோ இது சயின்டிஃபிக் நம்பர்னு எடுத்துக்கிட்டு 4.52ஈ+15னு மாத்தி வச்சிடும், சேவ் பண்ணினா முடிஞ்சுது. எல்லா கார்டுக்கும் நடக்காது, மத்ததெல்லாம் இலக்கமா இருந்து ஒரே ஒரு ஈ மட்டும் நடுவுல மாட்டின கார்டுக்குத்தான் நடக்கும், அதனால ஆயிரக்கணக்கான கார்டுல ஏதோ ஒரு கைப்பிடி பசங்களுக்கு மட்டும் "கார்டு வேலை செய்யல சார்". கவுண்டர்ல கார்டைத் தேய்ச்சுப் பாப்பாங்க, புது கார்டு போட்டுக் குடுப்பாங்க, புது கார்டு வேலை செய்யும், அப்ப பழைய கார்டுதான் கெட்டுப்போச்சுன்னு ஃபைலை மூடிடுவாங்க. அந்த சிஎஸ்விய மனுஷன் யாரும் எக்ஸெல்ல திறக்கவே கூடாதுன்னு போர்டு எழுதி மாட்டுங்க.

புக்குல ஒட்டுற ஆர்எஃப்ஐடி டேக் வேற ஜாதி, ஐஎஸ்ஓ 15693. ஐடி கார்டு பெரும்பாலும் 14443. ரெண்டும் 13.56 மெகாஹெர்ட்ஸ்தான், ஆனா கியாஸ்க்ல இருக்கிற ரீடர் ரெண்டையும் படிக்குமான்னு வாங்குறதுக்கு முன்னாடி கார்டை வச்சுப் பாத்துடுங்க.


அல்சூர்_அக்கா
புதன், காலை 8:15

ராவணா, அந்த எக்ஸெல் கதைய எங்க ப்ரின்சிபால் ரூம்ல வந்து சொல்லு, டீ வாங்கித் தர்றேன்.

நான் ஒண்ணு சேக்குறேன். கோஹா இம்போர்ட்ல ஓவர்ரைட் போட்டா, ஃபைல்ல இல்லாத காலத்தை அது தொடாது. ஆனா காலம் இருந்து உள்ள காலியா இருந்துச்சுன்னா, காலியத்தான் எழுதும். எங்க பக்கம் ஈஆர்பிலேருந்து மொபைல்னு ஒரு காலம் தலைப்போட வந்துச்சு, பாதிக்கு மேல காலி, ஏன்னா அட்மிஷன்ல பேரண்ட் நம்பர் மட்டும் வாங்கியிருக்காங்க. நாங்க கவுண்டர்ல ஒவ்வொரு பிள்ளையா நிறுத்திக் கேட்டு டைப் பண்ணின நம்பரெல்லாம் ஒரு ராத்திரில துடைச்சுப் போட்டுடுச்சு. ஓவர்டியூ மெசேஜ் யாருக்கும் போகல, மெசேஜ் போகலன்னும் யாருக்கும் தெரியல.

அதனால எந்தக் காலத்துக்கு யார் சொந்தக்காரர்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க. பேரு, டிபார்ட்மெண்ட், கோர்ஸ், சேர்ந்த தேதி, முடியுற தேதி ஈஆர்பிக்கு. மொபைல், ஈமெயில் யாருதுன்னு பேசி முடிவு பண்ணுங்க. ரெஸ்ட்ரிக்ஷன், நோட்ஸ், ஃபைன் லைப்ரரிக்கு மட்டும், அந்தப் பக்கத்து ஃபைல்ல அந்தக் காலமே இருக்கக்கூடாது. அந்தப் பேப்பர்ல ரிஜிஸ்ட்ரார், லைப்ரேரியன், ஐடி மூணு பேரும் கையெழுத்து போடணும். கோடு எழுதுறதெல்லாம் அதுக்கப்புறம்.


கெங்கேரி_கேட்டலாகர்
புதன், காலை 10:50

அக்கா, கையெழுத்துன்னதும் ஞாபகம் வருது, எக்ஸாம் செக்ஷன்ல கேக்குறது நோ டியூஸ். அவங்க ஐடியா என்னன்னா ராத்திரி ஃபைல் மாதிரியே நாங்களும் ராத்திரி ஒரு ஃபைல் அனுப்பணுமாம், பாக்கி இல்லாதவங்க லிஸ்ட், அதை வச்சு ஈஆர்பில பச்சை டிக் விழும். சரியா வருமா?


சர்வர்ரூம்_சாமி
புதன், மதியம் 12:30

வராது. இந்த ஒரு இடத்துல மட்டும் ராத்திரி ஃபைல் வேணாம். நேத்து ராத்திரி பச்சை டிக் விழுந்துச்சு, இன்னிக்கு காலைல பத்து மணிக்கு மூணு புக் எடுத்தான், பதினொண்ணுக்கு எக்ஸாம் செக்ஷன்ல பச்சை டிக் பாத்து டிசி குடுத்துட்டாங்க, மெஜஸ்டிக்ல பஸ் ஏறிட்டான். போச்சு. அங்க மட்டும் பட்டனை அமுக்குற நேரத்துல கோஹாகிட்ட கேக்கணும். கோஹா ரெஸ்ட் ஏபிஐல பேட்ரனோட அக்கவுண்ட் பேலன்ஸ் எடுக்கலாம், கையில இருக்கிற செக்கவுட் எடுக்கலாம். ஆனா ஈஆர்பி சர்வருக்கு அந்த ஏபிஐயை நேரா திறந்து விடாதீங்க, நடுவுல குட்டியா ஒரு ஸ்க்ரிப்ட் வைங்க, அது ஐடி வாங்கிட்டு மூணே விஷயம் திருப்பிச் சொல்லட்டும்: பாக்கி இருக்கா இல்லையா, எத்தனை புக், எவ்வளவு ரூபா.

இன்னொண்ணு, பாக்கி இல்லன்னு சொன்ன நொடியே கதவை மூடணும். கோஹாவுல டிஸ்சார்ஜ்னு ஒரு வசதி இருக்கு, சிஸ்டம் ப்ரெஃபரன்ஸ்ல ஆன் பண்ணணும், டிஸ்சார்ஜ் லெட்டர் ஜெனரேட் ஆனதும் அந்த பேட்ரன் மேல ரெஸ்ட்ரிக்ஷன் தானா விழுந்துடும், அப்புறம் புக் எடுக்க முடியாது. நிறைய பேர் இதை ஆன் பண்றதே இல்ல, ரப்பர் ஸ்டாம்பை நம்பிட்டு இருக்காங்க.


பிஹெச்டி_பாவம்
புதன், மாலை 5:20

நான் லைப்ரரி ஆளு இல்ல, ரிசர்ச் ஸ்காலர், இழையை முழுசா படிச்சேன். முதல் போஸ்ட்ல ஒரு எச்ஓடி எந்தப் பையன் என்ன புக் எடுத்தான்னு டேஷ்போர்டு கேக்குறார்னு இருக்கே, அதை யாருமே கண்டுக்கல?


ஈஆர்பி_அண்ணாச்சி
புதன், மாலை 6:45

கேட்டதுக்கு நன்றி தங்கச்சி (தம்பின்னா மன்னிக்கணும்). இதை நான் சொல்லாம விட்டா தப்பாயிரும். நிறைய ஈஆர்பில பேரண்ட் ஆப் உண்டு. அட்டெண்டன்ஸ், ஃபீஸ் பாக்கி, மார்க் எல்லாம் அப்பா மொபைல்ல வரும். லைப்ரரி டேட்டா உள்ள வந்துச்சுன்னா டிஃபால்ட்டா அதுவும் அந்த ஆப்ல வந்து உக்காந்துரும், புக் பேரோட. டெமோல அதை ஒரு பெரிய ஃபீச்சராவே காட்டுவோம். ஒரு பிள்ளை டிப்ரஷன் பத்தி ஒரு புக் எடுத்துட்டுப் போகுது, சாயங்காலம் ஊர்லேருந்து போன் வரும். அப்புறம் அந்தப் பிள்ளை லைப்ரரில புக் எடுக்குமா?


கெங்கேரி_கேட்டலாகர்
புதன், இரவு 8:05

எச்ஓடி சொல்ற காரணம் நாக் (காலேஜுக்கு க்ரேடு போடுற அமைப்பு). பர் டே யூசேஜ் காட்டணும், டீச்சர் எத்தனை பேர், ஸ்டூடண்ட் எத்தனை பேர்னு. நாக் ஆபீசே நம்ம நாகரபாவி பக்கம்தான், அதனால எங்க ஆளுங்களுக்கு பயம் கொஞ்சம் கூட.


அல்சூர்_அக்கா
புதன், இரவு 8:50

யூசேஜ்க்கு எண்ணிக்கை போதும். கேட்ல எத்தனை பேர் வந்தாங்க, எத்தனை இஷ்யூ, ரிமோட் லாகின் எத்தனை. பேரும் புக்கும் சேத்து எந்தக் கமிட்டியும் என்கிட்ட கேட்டதில்ல. எச்ஓடிக்கு டிபார்ட்மெண்ட் வாரியா எந்த சப்ஜெக்ட் எத்தனை தடவை போச்சுன்னு மாசா மாசம் ஒரு ரிப்போர்ட் கோஹாலேருந்து எடுத்துக் குடுங்க, மனுஷன் சந்தோஷமா போயிடுவார், எந்த புக் வாங்கணும்னு முடிவு பண்ண அவருக்கு உண்மையில வேணுங்கிறதே அதுதான். டிஜிட்டல் பர்சனல் டேட்டா ப்ரொடெக்ஷன் ஆக்ட் 2023ல பாஸ் ஆகியிருக்கு, எதுக்காக வாங்கினோமோ அதுக்கு மட்டும்தான் டேட்டான்னு மீட்டிங்ல ஒரு தடவை சொன்னாலே பாதி பேர் வாய மூடிக்குவாங்க. கோஹாவுல திருப்பிக் குடுத்த புக்கோட ஹிஸ்டரியையே பேர் இல்லாம ஆக்குற செட்டிங் இருக்கு, அதையும் பேசி முடிவு பண்ணுங்க.


ஆர்எஃப்ஐடி_ராவணன்
புதன், இரவு 10:10

எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. ஹிஸ்டரியை முழுசா அழிச்சீங்கன்னா புக்ல பக்கம் கிழிஞ்சு வந்தா கடைசியா எடுத்தவன் யாருன்னு பாக்க முடியாது. அடுத்த ஆள் மாட்டுவான்.


அல்சூர்_அக்கா
புதன், இரவு 10:25

கொஞ்ச நாள் வச்சிருந்துட்டு அழிக்கிற மாதிரி க்ரான் போட்டுக்கலாம்ப்பா. அஞ்சு வருஷம் யார் என்ன படிச்சாங்கன்னு வச்சிருக்கத் தேவையில்லன்னுதான் சொல்றேன்.


கெங்கேரி_கேட்டலாகர்
வியாழன், காலை 9:50

அப்ப மிச்சம் ஃபைன் காசு. அக்கவுண்ட்ஸ்ல ஒவ்வொரு ரூபாவும் ரசீதோட ஈஆர்பில விழணும்ங்குறாங்க. எங்க ஃபைன் ஒரு நாளைக்கு ஒரு ரூபா.


ஈஆர்பி_அண்ணாச்சி
வியாழன், காலை 11:30

மூணு ரூபாய்க்கு பேமெண்ட் கேட்வே ஓப்பன் பண்ணி, ஓடிபி வந்து, ரசீது பிடிஎஃப் வந்து... வேண்டாம் தம்பி. கவுண்டர்ல வாங்குற சில்லறையை கோஹாவுல பதிஞ்சு, நாள் முடிவுல மொத்தத் தொகையை ஒரே வரியா அக்கவுண்ட்ஸ்க்கு குடுங்க. புக் தொலைச்சது மாதிரி பெரிய தொகைய மட்டும் ஈஆர்பில டிமாண்டா போட்டு, கட்டினதும் கோஹாவுக்கு க்ரெடிட்டா திரும்ப வர்ற மாதிரி வைங்க. ஆன்லைன் பேமெண்ட்ல கேட்வே அதே தகவலை ரெண்டு தடவை அனுப்பும், அது இயல்பு. ட்ரான்ஸாக்ஷன் நம்பரை பாத்து ரெண்டாவது தடவை வந்தா தள்ளிவிடணும், இல்லாட்டி ஐநூறு ரூபா கட்டினவனுக்கு ஆயிரம் ரூபா க்ரெடிட் ஏறிரும், அவன் சொல்லவும் மாட்டான்.


மல்லேஸ்வரம்_மணி
வியாழன், மதியம் 3:05

நான் கவர்ன்மெண்ட் யுனிவர்சிட்டி. எல்லாரும் புக்கைப் பத்தியே பேசுறீங்க, எங்க கவலை இ ஜர்னல். ஒன் நேஷன் ஒன் சப்ஸ்க்ரிப்ஷன்னு மத்திய அரசு திட்டம் 2025 ஜனவரிலேருந்து வந்துடுச்சு, 30 பப்ளிஷர், கிட்டத்தட்ட 13,000 ஜர்னல், காசும் சென்டர்லேருந்து. வீட்லேருந்து பாக்க இன்ஃப்ளிப்நெட்டோட (யுனிவர்சிட்டி லைப்ரரிகளை இணைக்கிற அமைப்பு) இன்ஃபெட் லாகின், அது சாமி சொன்ன ஷிபொலத். அதுக்கு அடியில இருக்கிறது எங்க கேம்பஸ் டைரக்டரி. அந்த டைரக்டரில இருந்து படிச்சு முடிச்சவங்களை யாரும் எடுக்கிறதே இல்ல. மூணு வருஷம் முன்னாடி போன ஒருத்தனோட பாஸ்வேர்டு எங்கயோ கசிஞ்சு, ஒரே ராத்திரில ஆயிரக்கணக்குல பிடிஎஃப் இறங்கி, பப்ளிஷர் எங்க கேம்பஸ் ஐபியவே ப்ளாக் பண்ணிட்டான். மறுநாள் தீசிஸ் எழுதிட்டு இருந்த அத்தனை பேரும் லைப்ரரி வாசல்ல.

டைரக்டரிய பாக்குற ஐடி ஆள்கிட்ட போனா "நம்தேனில்ல சார், அட்மிஷன்னவரன்ன கேளி"ங்குறார் (எங்களுது ஒண்ணுமில்ல, அட்மிஷன்காரங்களைக் கேளுங்கன்னு கன்னடத்துல), அட்மிஷன்ல கேட்டா உள்ள வர்றவங்க கணக்குதான் எங்க வேலை, வெளிய போறது எக்ஸாம் செக்ஷன்ங்குறாங்க. கெங்கேரிக்காரரே, சேர்ற தேதிய எல்லாரும் குடுப்பாங்க, போற தேதிய யார் குடுப்பாங்கன்னு முதல்ல கேளுங்க.


சர்வர்ரூம்_சாமி
வியாழன், மாலை 4:40

மணி சொல்றது ரொம்ப சரி. அதனாலதான் எக்ஸ்பைரி தேதிய ஈஆர்பி குடுக்கிற வரைக்கும் காத்திருக்காம, நாலு வருஷத்துக்கு ஒரேடியா போடாம, ஒவ்வொரு செமஸ்டர் முடிவு வரைக்கும் மட்டும் போடுங்க. ஃபைல்ல தினம் பேர் வந்துட்டே இருந்தா தள்ளிட்டே போங்க, பேர் வரலன்னா அதுவா செத்துடும். யாரும் யாரையும் நீக்க வேண்டிய அவசியமே இல்ல.


பிஹெச்டி_பாவம்
வியாழன், மாலை 6:15

சாமி சார், அப்ப என் கதி? தீசிஸ் சப்மிட் பண்ணியாச்சு, வைவாக்கு காத்துட்டு இருக்கேன், ஃபீஸ் கட்ட வேண்டியது இல்ல. எங்க ஈஆர்பில என் ஸ்டேட்டஸ் "சப்மிட்டட்"னு மாறின மறுநாளே லைப்ரரி கார்டு போச்சு. எக்ஸாமினர் கரெக்ஷன் சொன்னா நான் எங்க போய் ரெஃபரன்ஸ் பாக்குறது? ஷோத்கங்கால (நாட்டுல எல்லா தீசிஸும் சேக்குற ஆன்லைன் களஞ்சியம்) போடவேண்டிய ஃபைனல் காப்பியையே இன்னும் குடுக்கல.


கெங்கேரி_கேட்டலாகர்
வெள்ளி, மதியம் 12:20

நேத்து மீட்டிங் முடிஞ்சுது. கோஹா இருக்கும். ராத்திரி முழு ஃபைலுக்கு வெண்டர் ஒத்துக்கிட்டாங்க, அண்ணாச்சி சொன்ன மாதிரி "ரிப்போர்ட்"னுதான் கேட்டேன், சேஞ்ச் ரிக்வெஸ்ட் வரல. உள் ஐடி தர்றாங்க. நோ டியூஸ் மட்டும் லைவ். டேஷ்போர்டை அக்கா சொன்ன மாசாந்திர ரிப்போர்ட்டா மாத்தியாச்சு, எச்ஓடி பரவால்லன்னுட்டார். சொந்தக்காரர் பேப்பர்ல ஐடி கையெழுத்து போட்டுட்டாங்க, லைப்ரேரியன் போட்டாச்சு, ரிஜிஸ்ட்ரார் மட்டும் போடல. அவர் கேட்ட கேள்வி, ரிட்டயர்ட் ப்ரொஃபசர், கெஸ்ட் லெக்சரர், வைவா காத்திருக்கிற ஸ்காலர், இவங்கெல்லாம் யார் லிஸ்ட்ல வருவாங்க? ஈஆர்பில கெஸ்ட் லெக்சரருக்கு ஐடியே கிடையாதாம், வவுச்சர்ல சம்பளம். வெண்டர் ஸ்டேட்டஸ் கோடு லிஸ்ட் ஒண்ணு அனுப்பினாங்க, ஒண்ணுலேருந்து ஒம்போது வரைக்கும் இருக்கு, ஏழு மட்டும் எதிர்ல காலியா இருக்கு. எங்க ஸ்காலர்ல பாதி பேர் ஏழுலதான் நிக்கிறாங்க.


ஈஆர்பி_அண்ணாச்சி
வெள்ளி, மதியம் 1:05

ஏழு எங்க சிஸ்டத்துலயும் இருக்குய்யா. எவன் எப்ப போட்டான்னு தெரியல, டேட்டாபேஸ் பாக்குற பையன்கிட்ட கேட்டுட்டு வாறேன். அதுவரைக்கும் ஏழுல இருக்கிறவங்களை உங்க இம்போர்ட் தொடாம இருக்கட்டும், கார்டை க்ளோஸ் பண்ணிராதீய. கெஸ்ட் லெக்சரருக்கு கோஹாவுல தனி கேட்டகரி போட்டு நீங்களே கையால ஏத்துங்க, டிபார்ட்மெண்ட் லெட்டர் வாங்கிட்டு.


பிஹெச்டி_பாவம்
வெள்ளி, மதியம் 1:20

ஏழுதான் நானா இருக்கும்னு நினைக்கிறேன் அண்ணாச்சி, கேட்டுட்டு கண்டிப்பா இங்க சொல்லுங்க.